பள்ளி ஆசிரியர் விடுமுறையில் ஃப்ளை ஃபிஷிங் வழிகாட்டியாக வேலை செய்ய முடியுமா?

கேள்வி: நடுநிலைப் பள்ளியில் அறிவியல் கற்பிக்கிறேன். பூச்சிபோல் கட்டிய செயற்கை இரையை வீசி மீன் பிடிக்கும் ஃப்ளை ஃபிஷிங்கைப் பல ஆண்டுகளாகச் செய்து வருகிறேன். நீண்ட விடுமுறையில் வழிகாட்டியாக வேலை செய்யலாமா என்று யோசிக்கிறேன். வகுப்பறையில் கற்ற எதுவும் ஆற்றில் உதவுமா? என்னைவிட நன்றாக மீன் பிடிப்பவர்கள் எத்தனையோ பேர் இருக்கும்போது என்னை யார் அழைப்பார்கள்?

பதில்:

தாராளமாகச் செய்யலாம். நானும் பள்ளி ஆசிரியன்தான். விடுமுறைகளில் ஆற்றில் வழிகாட்டியாக வேலை செய்கிறேன். இரண்டு பக்கமும் தெரிந்துதான் சொல்கிறேன்.

உங்கள் கடைசிக் கேள்வியிலிருந்து தொடங்குகிறேன். பலரைத் தயங்க வைப்பது அதுதான். வழிகாட்டி மீன் பிடிப்பதில்லை. விடிந்ததிலிருந்து பொழுது சாயும்வரை தண்ணீரில் நிற்பார், ஆனால் தூண்டில்கோல் இன்னொருவர் கையில் இருக்கும். அந்த இன்னொருவர் இன்றைக்குத்தான் முதன்முறையாகக் கோலைப் பிடித்தவராக இருக்கலாம். மீன் பிடிக்கத் தெரிவது வேறு, பிறரை மீன் பிடிக்க வைக்கத் தெரிவது வேறு. நான் பார்த்தவரையில், இந்த வேலையில் சீக்கிரம் சலித்துப்போகிறவர்கள் பெரும்பாலும் மிகத் திறமையான தூண்டில்காரர்கள். தவறு அவர்கள் கண்ணில் பட்டுவிடும். அதை எதிரில் நிற்பவருக்குப் புரியும்படி சொல்ல வராது. பொறுமை இழந்து கோலை வாங்கித் தாங்களே வீசிக் காட்டுவார்கள். வாடிக்கையாளர் பார்த்து வியப்பார், கற்றுக்கொள்ள மாட்டார்.

கண்ணில் படும் பத்துத் தவறுகளில் இப்போது எதைச் சொல்வது, எந்த ஒன்பதை விட்டுவிடுவது என்று நொடியில் முடிவெடுப்பதுதான் இந்த வேலையின் உயிர்நாடி. அந்தப் பயிற்சி உங்களுக்குத் தினமும் வகுப்பறையில் கிடைக்கிறது. ஒரு மாணவியின் விடைத்தாளில் எழுத்துப்பிழை, கணக்குப்பிழை, கருத்துப்பிழை மூன்றும் இருக்கும்போது முதலில் எதைத் தொடுவது என்று யோசித்துப் பழகியவர் நீங்கள். ஆற்றிலும் அதே யோசனைதான்.

வீச்சை எடுத்துக்கொள்வோம். சாதாரணத் தூண்டிலில் ஈயக்குண்டின் எடை நூலை இழுத்துக்கொண்டு போகும். இங்கே அது தலைகீழ். இறகும் நூலும் சுற்றிய முள்ளுக்கு, அதாவது ஃப்ளைக்கு, எடையே இல்லை என்று சொல்லலாம். தடித்த லைனின் எடைதான் அதைச் சுமந்து செல்கிறது. பலரும் பயன்படுத்தும் 5-ஆம் எண் லைனின் முதல் 30 அடி ஏறத்தாழ 9 கிராம் இருக்கும். கோலைப் பின்னால் கொண்டுபோய் நிறுத்தும்போது அந்த எடை பின்னால் நீண்டு நேராகிறது. முன்னால் கொண்டுவரும்போது கோலை வளைக்கிறது. சட்டென்று நிறுத்தியதும் கோல் நிமிர்ந்து லைனை ஒரு வளையமாக உருட்டி அனுப்புகிறது. உங்களுக்கு இதெல்லாம் தெரியும். ஆனால் முதல் நாள் வருபவருக்கு உடம்பு சொல்வது வேறு: தூரம் வேண்டுமானால் பலமாக வீசு. அதனால் மூன்று தவறுகள் ஒரே நேரத்தில் வரும். மணிக்கட்டு மடங்கிக் கோல் முதுகுக்குப் பின்னால் சாய்ந்துவிடும். லைன் நேராவதற்குள் முன்வீச்சு தொடங்கிவிடும். முன்வீச்சில் முழுப் பலமும் இறங்கும்.

மூன்றையும் ஒன்றாகச் சொன்னால் மூன்றும் கெடும். நான் ஒன்றைத்தான் சொல்வேன்: "தலையைத் திருப்பி லைனைப் பாருங்கள். அது பின்னால் நேரானதும் முன்னால் வாருங்கள்." பார்ப்பதற்காகத் தலையைத் திருப்பினால் தோளும் சற்றுத் திரும்பும், காத்திருப்பு தானாக வந்துவிடும், காத்திருப்பு வந்துவிட்டால் பலமாக வீசவேண்டிய அவசியமே போய்விடும். பெரும்பாலும் மணிக்கட்டும் அந்தப் போக்கிலேயே பாதி சரியாகிவிடுகிறது. மீதிப் பாதியை மதியம் பார்த்துக்கொள்ளலாம்.

"மணிக்கட்டை மடக்காதீர்கள்" என்று நேரடியாகச் சொல்லாததற்கு இன்னொரு காரணமும் உண்டு. உடலசைவுகளைக் கற்பது பற்றி கேப்ரியேல வுல்ஃப் என்ற ஆய்வாளர் 1990களின் இறுதியிலிருந்து நடத்திய ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டியது இது: கற்பவரின் கவனம் தன் கைகால்களின் மேல் இருப்பதைவிட, அந்த அசைவு வெளியே உண்டாக்கும் விளைவின் மேல் இருந்தால் கற்றல் சிறப்பாக நடக்கிறது. "முழங்கையை உள்ளே வையுங்கள்" என்று சொல்வதைவிட, "கோலின் முனை சுவரில் ஒரு நேர்கோடு போடுவதாக நினைத்துக்கொள்ளுங்கள்" என்பது வேகமாக வேலை செய்கிறது. கோல்முனை நேர்கோட்டில் போனால் வளையம் ஒடுங்கி அழகாக வரும். வில்போல் மேலே வளைந்து போனால் வளையம் அகன்றுவிடும். நடுவில் குழிந்து போனால் லைன் தன்னைத் தானே வெட்டிக்கொண்டு நூலில் முடிச்சு விழும். அந்த முடிச்சுக்கு எல்லோரும் காற்றின் மேல் பழி போடுவார்கள். உண்மையில் அது வீச்சின் தொடக்கத்திலேயே பலத்தைக் கொட்டியதன் விளைவு. ஓர் அறிவியல் ஆசிரியை இந்தக் காரண காரியத்தை ஒரு கோலும் ஒரு புல்வெளியும் இருந்தால் ஐந்து நிமிடத்தில் காட்டிவிடலாம்.

ஜோன் வுல்ஃப் என்ற அமெரிக்கப் பெண்மணியை நீங்கள் அறிந்திருப்பீர்கள். 1926-இல் பிறந்தவர், வீச்சுப் போட்டிகளில் பல பட்டங்கள் வென்றவர், பின்னர் நியூயார்க் மாநிலத்தின் கேட்ஸ்கில் மலைப்பகுதியில் கணவர் லீ வுல்ஃபுடன் ஒரு ஃப்ளை ஃபிஷிங் பள்ளியே நடத்தியவர். அவர் அதற்கு முன் நடனம் கற்பித்தவர் என்பது எனக்கு முக்கியமாகத் தோன்றுகிறது. அதுவரை "பத்து மணிக்கும் இரண்டு மணிக்கும் நடுவில் கோலை ஆட்டு" என்று கடிகார முள்ளை வைத்துப் பொத்தாம் பொதுவாகச் சொல்லிவந்த வீச்சை அவர் தனித்தனி அசைவுகளாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர் வைத்தார். பெயர் இருந்தால் அதைத் தனியாகப் பயிற்சி செய்யலாம், தனியாகத் திருத்தலாம். இப்படிப் பிரித்துப் பார்க்கும் கண் ஒரு ஆசிரியருக்குத்தான் எளிதில் வரும்.

இனி, வகுப்பறைப் பழக்கங்களில் எவை ஆற்றில் குறுக்கே நிற்கும் என்பதையும் சொல்லவேண்டும்.

முதலாவது பேச்சு. நாற்பத்தைந்து நிமிடத்துக்கு இடைவிடாமல் பேசிப் பழகிய நமக்கு மௌனம் வெறுமையாகத் தெரியும். மேரி பட் ரோ என்பவர் 1970களில் வகுப்பறைகளை ஆராய்ந்தபோது, ஆசிரியர்கள் கேள்வி கேட்டுவிட்டுச் சராசரியாக ஒரு நொடிதான் காத்திருக்கிறார்கள் என்று கண்டார். அதை மூன்று நொடியாக நீட்டியபோது மாணவர்களின் பதில்கள் நீண்டன, யோசித்தும் வந்தன. ஆற்றில் இந்தக் காத்திருப்பு இன்னும் நீள வேண்டும். மனிதர் வீசுகிறார், ஃப்ளை தவறான இடத்தில் விழுகிறது. வாயைத் திறக்காமல் அடுத்த வீச்சைப் பாருங்கள், அதற்கடுத்ததையும் பாருங்கள். பல நேரம் அவரே திருத்திக்கொள்வார். அப்படித் திருத்திக்கொண்டது அவரிடம் தங்கும். தண்ணீர் ஓடும் சத்தத்தில் நீங்கள் சொல்வதில் பாதிதான் காதில் விழும் என்பதும் ஒரு நடைமுறைக் காரணம். அதனால் ஆற்றுக்குள் இறங்கியபின் சொல்வதெல்லாம் ஐந்தாறு சொற்களுக்குள் இருக்கட்டும். நீண்ட விளக்கம் எல்லாம் கரையில்.

இரண்டாவது, அதிகாரம். பள்ளியில் மாணவர் நம்மிடம் வருகிறார். அவருக்கு வேறு வழியில்லை. ஆற்றில் வாடிக்கையாளர் பணம் கொடுத்து வந்திருக்கிறார். தொழிலில் பெரிய பொறுப்பில் இருப்பவர், ஐம்பது அறுபது வயதானவர், பல காலமாக எவரிடமும் திருத்தம் கேட்டுப் பழகாதவர் நம்மிடம் வந்து, ஒரு நூலை ஊசித்துளைபோன்ற ஓட்டையில் கோக்க முடியாமல் கை நடுங்க நிற்பார். "அப்படியில்லை" என்ற ஒரு சொல்லில் அவர் நாள் முழுவதும் சுருங்கிவிடுவார். அங்கே மதிப்பெண் போடும் குரல் கூடாது. முடிச்சை இறுக்கும் முன் நூலை நனைக்கவேண்டும், இல்லாவிட்டால் உராய்வில் சூடேறி நூல் பலமிழக்கும் என்று காரணத்தைச் சொல்லி, அவர் கண்முன்னே ஒருமுறை போட்டுக் காட்டி, அடுத்ததை அவரிடமே விட்டுவிடுங்கள். அவர் மூன்றாவது முடிச்சைத் தனியாகப் போட்டு இழுத்துப் பார்க்கும் முகத்தைப் பார்க்கவேண்டும். எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கும் அவருக்கும் அந்தக் கணத்தில் ஒரு வித்தியாசமும் இருக்காது.

குடும்பங்கள் வரும்போது ஆசிரியரின் அனுபவம் வேறு எவருக்கும் வராத விதத்தில் கைகொடுக்கும். ஒருமுறை ஒரு தந்தையும் பதினோரு வயது மகளும் வந்திருந்தார்கள். தந்தைக்கு ஓரளவு மீன் பிடிக்கத் தெரியும். மகள் ஒவ்வொரு முறை கோலைத் தூக்கும்போதும் பின்னாலிருந்து அவர் குரல் வந்துகொண்டே இருந்தது: "மேலே, மேலே! நிறுத்து! இப்போது விடு!" அவள் தண்ணீரைப் பார்ப்பதை விட்டுவிட்டு அவர் முகத்தையே பார்த்து வீசிக்கொண்டிருந்தாள். பெற்றோர் கூட்டங்களில் உட்கார்ந்து பழகிய எனக்கு அடுத்து செய்யவேண்டியது தெரிந்தது. "சார், அந்த மேல்திருப்பத்தில் பாறை நிழலில் ஒரு மீன் எழும்பிக்கொண்டிருக்கிறது. நீங்கள் மறைவாகப் போய் எத்தனை நொடிக்கு ஒருமுறை எழும்புகிறது என்று பார்த்து வையுங்கள், நானும் பாப்பாவும் அரைமணி நேரத்தில் வருகிறோம்" என்றேன். மீன் உண்மையாகவே அங்கே இருந்தது. வேலையும் உண்மையான வேலை. அவர் போனதும் அந்தப் பெண் என்னிடம் கேட்ட முதல் கேள்வி, "மீனுக்கு நாம் தெரிவோமா?" என்பது.

அந்தக் கேள்விக்குப் பதில் சொல்வதற்காகவே ஓர் அறிவியல் ஆசிரியர் ஆற்றுக்கு வரலாம். தண்ணீருக்குள்ளிருந்து மேலே பார்க்கும் மீனுக்கு வெளியுலகம் முழுவதும் ஒரு வட்டச் சாளரத்துக்குள் அடங்கித் தெரிகிறது. ஒளி நீரில் நுழையும்போது வளைவதால், ஏறத்தாழ 97 பாகைக் கூம்புக்குள் வானமும் கரையும் எல்லாம் சுருங்கிவிடுகின்றன. அந்த வட்டத்துக்கு வெளியே நீர்ப்பரப்பு கண்ணாடியாகி ஆற்றின் அடியையே பிரதிபலிக்கிறது. ஒரு மீட்டர் ஆழத்தில் நிற்கும் மீனுக்கு அந்தச் சாளரத்தின் விட்டம் சுமார் இரண்டேகால் மீட்டர். மீன் மேலே வர வர வட்டம் சிறுக்கும். கரையில் நிமிர்ந்து நிற்பவர் வட்டத்தின் விளிம்பில் தெரிவார். குனிந்தவர் அந்த விளிம்புக்கும் கீழே மங்கிப்போவார். அதனால்தான் மண்டியிட்டு வீசச் சொல்கிறோம். மேல்பரப்புக்கு நெருக்கமாக நிற்கும் மீனுக்கு ஃப்ளையை மிகத் துல்லியமாகப் போடவேண்டியிருப்பதும் அதனால்தான். ஒரு குச்சியை எடுத்து மணலில் வரைந்து காட்டினேன். அதன்பின் அவளை எவரும் குனியச் சொல்லவேண்டியிருக்கவில்லை.

பூச்சிகள் உங்களுக்கு இன்னும் பெரிய சொத்து. காலையில் முதல் வேலையாக, வீசுவதற்கு முன், ஒரு கல்லைப் புரட்டிக் காட்டுங்கள். வேகநீரில் கிடக்கும், தலையளவுள்ள கல்லாக இருக்கட்டும். அடிப்பக்கத்தில் தட்டையாக ஒட்டிக்கொண்டு நண்டுபோல் பக்கவாட்டில் நகர்வது மேஃப்ளையின் இளம்பருவம். வயிற்றின் இரு பக்கமும் இலைபோன்ற செவுள்கள் இருக்கும், பெரும்பாலும் மூன்று வால்கள். எப்போதும் இரண்டே வால்களும் கால்நுனியில் இரட்டை நகமும் கொண்டு ஊர்வது ஸ்டோன்ஃப்ளை. மணலையும் சிறு குச்சிகளையும் தன் உமிழ்நீர்ப் பட்டால் ஒட்டிக் கூடு கட்டிக்கொண்டு ஒளிந்திருப்பது கேடிஸ். மூன்றும் நிறைந்திருந்தால் தண்ணீர் சுத்தமாகவும் ஆக்சிஜன் மிகுந்தும் இருக்கிறது என்று அர்த்தம். ஆற்றின் நலத்தை அளக்க உயிரியலாளர்கள் எண்ணுவதும் இந்த மூன்று பூச்சி வகைகளைத்தான். சிறகு முளைத்தபின் இன்னொரு முறை தோலுரிக்கும் ஒரே பூச்சியினம் மேஃப்ளை என்பதையும், முழுவளர்ச்சி பெற்றபின் அதற்கு வேலைசெய்யும் வாயே கிடையாது, உண்ணாமல் இணைசேர்ந்து முட்டையிட்டு மடிகிறது என்பதையும் சொல்லிப் பாருங்கள். பெரியவர்கள்கூடத் தூண்டிலை மறந்து உட்கார்ந்துவிடுவார்கள். பார்த்து முடித்ததும் கல்லை அது கிடந்தபடியே, அதே பக்கம் கீழே இருக்கும்படி திரும்ப வைக்கவேண்டும். அந்த அடிப்பக்கம்தான் அவற்றின் வீடு.

இது வெறும் இயற்கைப் பாடம் என்று நினைக்கவேண்டாம். டிரவுட் மீனின் உணவில் பெரும்பகுதி நீருக்கு அடியில்தான் கிடைக்கிறது. கல்லடியில் கண்ட பூச்சியின் நிறத்தையும் அளவையும் பார்த்து வாடிக்கையாளரே தன் பெட்டியிலிருந்து ஒரு ஃப்ளையைத் தேர்ந்தெடுத்தால், அதன்பின் வரும் ஒவ்வொரு கொத்தும் அவருடைய கண்டுபிடிப்பாகிறது. சிவப்புக் கம்பளி நூலும் சேவல் இறகும் முள்ளில் சுற்றி மாசிடோனியர்கள் ஆற்றில் மீன் பிடித்ததை ஏலியன் என்ற ரோமானிய எழுத்தாளர் சுமார் 1,800 ஆண்டுகளுக்கு முன்பே எழுதிவைத்தார். அந்த மக்களும் முதலில் பூச்சியைத்தான் பார்த்தார்கள்.

இன்னொரு நுட்பத்தைக் கற்பிக்கும் விதத்திலும் உங்கள் ஆசிரியப் புத்தி தேவைப்படும். மீனுக்கும் வீசுபவருக்கும் நடுவில் ஓடும் நீர் வேகமாகவும், ஃப்ளை விழுந்த இடம் மெதுவாகவும் இருந்தால் லைன் வயிறுபோல் வளைந்து ஃப்ளையை இழுக்கத் தொடங்கும். நீரோடு ஓடாமல் குறுக்கே கோடு கிழிக்கும் பூச்சியை டிரவுட் பெரும்பாலும் தொடாது. லைனை நீரோட்டத்துக்கு எதிர்த்திசையில் புரட்டிப்போடுவதுதான் தீர்வு. இதைச் சொல்லிப் புரியவைப்பது கடினம். நான் வாடிக்கையாளரின் கோலை வாங்குவதில்லை. ஒரு காய்ந்த இலையை ஃப்ளைக்கு அருகில் விடுவேன். "இலையும் ஃப்ளையும் சேர்ந்தே போகவேண்டும்" என்பேன். இலை தன் போக்கில் போக ஃப்ளை விலகி ஓடுவதைக் கண்ணால் பார்த்தவுடன் புரட்டிப்போடும் தேவை அவருக்கே தெரியும்.

ஒரு தர்மசங்கடமும் வரும். வாடிக்கையாளருக்கு இன்றே மீன் வேண்டும். ஆசிரியரான உங்களுக்கு அவர் கற்றுக்கொண்டு போகவேண்டும். இரண்டும் எப்போதும் ஒத்துப்போவதில்லை. தக்கை கட்டி, நீருக்கடியில் வாழும் இளம்பூச்சிபோல் கட்டிய கனமான நிம்ஃப் ஃப்ளையைப் போட்டு, நீங்களே இடத்தைக் காட்டி, "இப்போது சுண்டுங்கள்" என்று நீங்களே சொன்னால் மீன் வரும், கல்வி வராது. காலையில் கற்பித்து மதியம் மீனுக்கு முயல்வது பலருக்குப் பொருந்துகிறது, ஆனால் அது என் முடிவாக இருக்கக்கூடாது. தொடக்கத்திலேயே கேட்டுவிடவேண்டும்: "இன்று மாலை திரும்பும்போது உங்களுக்கு என்ன கிடைத்திருக்கவேண்டும்?" சிலர் "ஒரு பெரிய மீனோடு ஒரு புகைப்படம்" என்பார்கள். அதுவும் நேர்மையான பதில்தான். அதற்கேற்ப நாளை அமையுங்கள்.

அடுத்தது பாதுகாப்பு. சுற்றுலா கூட்டிப்போகும்போது தலைகளை எண்ணிக்கொண்டே இருப்போமே, அந்த வழக்கத்தை அப்படியே ஆற்றுக்குக் கொண்டுவாருங்கள். தொப்பியும் கண்ணாடியும் இல்லாமல் எவரும் கோலைத் தொடக்கூடாது. பின்வீச்சில் முள் கண் உயரத்தில்தான் பறக்கிறது. முள்ளில் பின்னோக்கி நீட்டியிருக்கும் எதிர்நுனியை இடுக்கியால் அழுத்தித் தட்டையாக்கிவிடுங்கள். மீனிலிருந்தும் மனிதனின் காதிலிருந்தும் அது சுலபமாகக் கழன்று வரும். வேடர் (wader) எனப்படும் நீர்புகாக் கால்சட்டையின் இடுப்புப்பட்டை இறுக்கமாக இருக்கவேண்டும். வேகநீரில் விழுந்தால் மல்லாந்து, கால்கள் நீரோட்டத் திசையில் முன்னால் இருக்கும்படி மிதக்கவேண்டும். எழுந்து நிற்க முயன்றால் பாறையிடுக்கில் கால் சிக்கிக்கொள்ளும். இதைக் கரையில், வாடிக்கையாளர் படுத்துக் காட்டும்வரை விடாதீர்கள். இடி கேட்டால் கோலைக் கீழே வைத்துவிட்டு ஆற்றைவிட்டு வெளியேறி, கடைசி இடி கேட்டு முப்பது நிமிடம் கழித்துத்தான் திரும்பவேண்டும். கிராஃபைட் கோல் மின்சாரத்தைக் கடத்தும்.

பள்ளி விடுமுறைக்கும் ஆற்றுக்கும் நடுவில் ஒரு முரண்பாடு இருக்கிறது. பல நாடுகளில் நீண்ட விடுமுறை வருவது ஆண்டின் வெப்பமான மாதங்களில். டிரவுட் குளிர்நீர் மீன். 10 பாகை செல்சியஸில் ஒரு லிட்டர் நீர் சுமார் 11 மில்லிகிராம் ஆக்சிஜனைக் கரைத்துவைத்திருக்கும். 20 பாகையில் அது சுமார் 9 ஆகக் குறைகிறது. அதே நேரத்தில் வெப்பத்தில் மீனின் உடலுக்குத் தேவைப்படும் ஆக்சிஜன் கூடுகிறது. போராடிக் களைத்த மீன் அந்த நீரில் மீள்வது கடினம். அதனால் உங்கள் பையில் முதலில் இருக்கவேண்டிய கருவி வெப்பமானி. நீர் 20 பாகையை நெருங்கினால் தூண்டிலைச் சுருட்டிவிடவேண்டும். விடியலில் தொடங்கி முற்பகலிலேயே முடித்துக்கொள்ளும் நாட்கள் நிறைய வரும். பணம் கொடுத்தவரிடம் "இன்று இவ்வளவுதான்" என்று சொல்ல நெஞ்சுரம் வேண்டும். வெப்பமானியை அவர் கையிலேயே கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள்; நீங்கள் வாதாடவேண்டிய தேவை பெரும்பாலும் இருக்காது.

மீனைத் திரும்ப விடுவதிலும் ஓர் அளவு தெரிந்திருக்கவேண்டும். ரெயின்போ டிரவுட்டை வைத்து 1992-இல் கனடாவில் வெளிவந்த ஓர் ஆய்வில், களைக்கும்வரை விரட்டப்பட்ட மீன்களில் 12 சதவீதம் பன்னிரண்டு மணி நேரத்துக்குள் இறந்தன. விரட்டியபின் 30 நொடி காற்றில் வைக்கப்பட்டவற்றில் 38 சதவீதம். 60 நொடி வைக்கப்பட்டவற்றில் 72 சதவீதம். ஆய்வகச் சூழல் கடுமையானது. குளிர்ந்த ஆற்றில் கவனமாக விடப்படும் மீன்களின் கதி இவ்வளவு மோசமாக இருப்பதில்லை. ஆனாலும் திசை தெளிவாகத் தெரிகிறது. புகைப்படம் எடுப்பவர் கேமராவைத் தயார்செய்யும்வரை மீன் வலைக்குள், நீருக்குள் இருக்கட்டும். கையை நனைத்துவிட்டுத் தொடவேண்டும். உலர்ந்த கை மீனின் மேலுள்ள வழவழப்பான காப்புப்படலத்தைத் துடைத்துவிடும். தூக்கினால் நீர் சொட்டி முடிவதற்குள் திரும்ப இறக்கிவிடவேண்டும். எனக்கு இதில் சமரசமே கிடையாது, உங்களுக்கும் இருக்கக்கூடாது என்று கேட்டுக்கொள்கிறேன்.

அலுவல் விஷயங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பல இடங்களில் வழிகாட்டிக்குத் தனி உரிமம், முதலுதவிச் சான்று, காப்பீடு ஆகியவை கட்டாயம். உங்கள் ஆறு எந்த நிர்வாகத்தின் கீழ் வருகிறதோ அங்கே கேளுங்கள். உங்கள் பணி ஒப்பந்தம் விடுமுறையில் வேறு வேலை செய்ய அனுமதிக்கிறதா என்று எழுத்துமூலம் உறுதிசெய்துகொள்ளுங்கள். வருமானத்தை வரிக்கணக்கில் காட்டுங்கள். உங்கள் பள்ளிப் பிள்ளைகளின் பெற்றோரிடம் கட்டணம் வாங்கி வழிகாட்டியாகப் போகாதீர்கள்; நல்லெண்ணத்தோடு தொடங்கினாலும் தேர்வு முடிவு நாளன்று அது வேறு நிறம் பெறும். பணத்துக்காக மட்டும் என்றால் இந்த வேலை வேண்டாம். மழை, வெள்ளம், வெப்பம் எல்லாம் நாட்களைத் தின்றுவிடும். ஓய்வுக்காக இருக்கும் விடுமுறையில் பாதியை எதற்கும் கொடுக்காமல் ஒதுக்கிவைப்பதும் அவசியம். களைத்த ஆசிரியராகப் பள்ளி திறக்கும் நாளில் நிற்பது எவருக்கும் நல்லதில்லை.

தொடங்குவதற்கு, ஏற்கெனவே உரிமம் பெற்று நடத்தும் ஒரு வழிகாட்டி நிறுவனத்தில் உதவியாளராகச் சேருங்கள். முதல் பருவத்தில் சாமான் சுமப்பது, வண்டி ஓட்டுவது, ஈரமான வேடர்களைக் காயப்போடுவது எல்லாம் உங்கள் வேலையாக இருக்கும். அந்த நாட்களில் மூத்த வழிகாட்டிகள் எங்கே நிற்கிறார்கள், எப்போது பேசாமல் இருக்கிறார்கள் என்று பாருங்கள். முற்றிலும் புதியவர்களையும் பிள்ளைகளோடு வரும் குடும்பங்களையும் நீங்களாகவே கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். அனுபவசாலிகள் பலர் தட்டிக்கழிக்கும் வேலை அது. அதில்தான் உங்களை மிஞ்ச ஆளிருக்காது, உங்களைத் தேடி அழைப்பு வருவதும் அங்கிருந்துதான். ஃப்ளை ஃபிஷர்ஸ் இன்டர்நேஷனல் அமைப்பு வீச்சுப் பயிற்சியாளருக்கான சான்றிதழ்த் தேர்வு நடத்துகிறது. வழிகாட்டியாவதற்கு அது கட்டாயமில்லை, ஆனால் நன்றாக வீசுவது மட்டும் போதாமல் தவறைக் கண்டு விளக்கவும் அதில் தெரிந்திருக்கவேண்டும் என்பதால் உங்களுக்குப் பிடிக்கும். பத்து ஆறுகளை மேலோட்டமாக அறிவதைவிட ஒரே ஆற்றின் ஒரு மைல் நீளத்தை எல்லா நீர்மட்டத்திலும் அறிந்துவைப்பது பயன்தரும்.

ஓர் ஆற்றிலிருந்து இன்னோர் ஆற்றுக்குப் போவதாக இருந்தால் காலணி, வேடர், வலை எல்லாவற்றையும் கழுவி முழுவதுமாக உலரவிட்ட பிறகே இறங்குங்கள். ஈரமான காலணிகளில் ஒட்டிப் பரவக்கூடிய டிடிமோ என்ற பாசி 2004-இல் நியூசிலாந்து ஆறுகளில் கண்டறியப்பட்டது. ஈரத்தை நெடுநேரம் தக்கவைக்கும் கம்பளி அடிப்பாகம் கொண்ட காலணிகளை அந்த நாடு 2008-இல் தடைசெய்தது. உங்கள் பகுதியில் தடை இல்லாவிட்டாலும் ரப்பர் அடிப்பாகம் உள்ளதையே வாங்குங்கள். உங்கள் பகுதிக்கான உரிம விண்ணப்பத்துக்குக் கடைசித் தேதி இருந்தால் அது பெரும்பாலும் பள்ளி நடந்துகொண்டிருக்கும் மாதங்களில்தான் வரும்; நாட்காட்டியில் இப்போதே குறித்துவையுங்கள்.